காலிப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு: லெகோவும் அதோட அட்டைப்பெட்டியும்

இன்னைக்கு நாம பேசப்போறது காலிப் பெட்டிகளைப் பத்தி. உள்ளே ஒண்ணுமே இல்லாத, வெறும் அட்டைப்பெட்டி.

பிரிக்லிங்க்னு ஒரு இணையச் சந்தை இருக்கு. உலகம் முழுக்க லெகோ விக்கிறவங்களும் வாங்குறவங்களும் கூடுற இடம். 2000ல டான் ஜெசெக் என்கிற இளைஞர் ஆரம்பிச்சது. 2019ல லெகோ நிறுவனமே அதை வாங்கிடுச்சு. அந்தத் தளத்தோட கேட்டலாக்ல செட்டுகளுக்கு ஒரு பிரிவு, உதிரி பீஸுகளுக்கு ஒரு பிரிவு, மினிஃபிகருக்கு ஒரு பிரிவுன்னு இருக்கும். அதோட, ஒரிஜினல் பாக்ஸ்னு தனியா ஒரு பிரிவும் இருக்கு. செட் கிடையாது, அந்த செட் வந்த பெட்டி மட்டும். அதுக்கு ஒரு விலை. ஓரம் கிழிஞ்சிருந்தா ஒரு விலை, கிழியலைன்னா வேற விலை.

கொஞ்சம் யோசிச்சா இது விசித்திரமான விஷயம். லெகோவோட அடிப்படையே மாட்டு, கழட்டு, மறுபடி மாட்டு. அப்படிப்பட்ட ஒரு பொருளை ஒரே ஒரு முறை மாட்டி, கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, அது வந்த பெட்டியை லாஃப்ட்ல ஏத்திப் பத்திரப்படுத்துறோம். சில பேர் மாட்டுறதே இல்லை. சீல் உடைக்காம அப்படியே வெச்சிருக்காங்க. இந்த இடத்துக்கு நாம எப்படி வந்தோம்? அதுக்குப் பதில் செங்கல்ல இல்லை, பெட்டியில இருக்கு. லெகோ பெட்டி எழுபது வருஷமா எப்படி மாறிச்சுன்னு பாத்தா, அந்தப் பொம்மை யாருக்காகன்னு நிறுவனம் ஒவ்வொரு காலத்துலயும் என்ன நினைச்சதுன்னு புரியும்.

பெட்டி மேல ஒரு குழந்தை

டென்மார்க்ல பில்லுண்ட்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்கிற தச்சர், 1932ல மரப்பொருள்களும் மரப் பொம்மைகளும் செய்ய ஆரம்பிச்சார். உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த நேரம். டேனிஷ் மொழியில நல்லா விளையாடுன்னு அர்த்தம் வர்ற 'லெக் கோட்' என்ற ரெண்டு வார்த்தையைச் சேர்த்து வந்ததுதான் லெகோ.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அவர் ஒரு பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் வாங்கினார். 1949ல 'ஆட்டோமேட்டிக் பைண்டிங் பிரிக்ஸ்' என்ற பேர்ல பிளாஸ்டிக் செங்கல் கடைக்கு வந்துச்சு. இது முழுக்கச் சொந்த ஐடியா கிடையாது. இங்கிலாந்துல கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தோட ஹிலரி ஃபிஷர் பேஜ் ஏற்கெனவே செஞ்சிருந்த செங்கலைப் பாத்துத் திருத்தி எடுத்தது. அப்போ அதோட அடிப்பக்கம் வெறும் கூடு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம், ஆனா பிடி இருக்காது, லேசாத் தட்டினாலே விழுந்துடும்.

அந்தப் பிடி வந்தது 1958ல. ஓலே கிர்க்கோட மகன் கோட்ஃப்ரெட், செங்கலோட அடியில குழாய் வடிவத்துல உருளைகளை வெச்சு, மேல இருக்கிற குமிழ் அந்த உருளைகளை ஒட்டி இறுகிப் பிடிக்கிற மாதிரி ஒரு அமைப்பைக் கொண்டு வந்தார். பேட்டன்ட் விண்ணப்பம் போட்ட தேதி 1958 ஜனவரி 28. நம்ம துறை ஆளுங்களுக்கு இது ஒரு பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி அதிசயம். 1958 செங்கல் இன்னைக்குக் கடையில வாங்குற செங்கலோட மாட்டும். போன வருஷம் எழுதின கோடே இந்த வருஷ அப்டேட்ல உடையுது, இவங்க அறுபது வருஷத்துக்கு மேல ஒரே இன்டர்ஃபேஸை உடைக்காம வெச்சிருக்காங்க.

1950கள்ல வந்த பெட்டிகளைப் பாருங்க. அந்தப் படங்கள்ல குழந்தைங்க இருப்பாங்க. அதுல ஒரு பையன் கோட்ஃப்ரெட்டோட மகன் கெல்ட். 1979ல அந்தக் கம்பெனிக்கே தலைவரானவர். பெட்டியோட நடுவுல விளையாடுற குழந்தைதான் முக்கியம், கட்டின வீடு அதுக்கு அப்புறம்தான். பெட்டி சொன்ன செய்தி ரொம்ப எளிமையானது: இதை வாங்கினா உன் பிள்ளை இப்படி உக்காந்து எதையாவது கட்டிக்கிட்டு இருப்பான்.

என்ன கட்டுவான்னு பெட்டி சொல்லல, சொல்லவும் முடியாது. 2x4 செங்கல், அதாவது எட்டுக் குமிழ் உள்ள செங்கல், ஒரே நிறத்துல ஆறு எடுத்துக்கோங்க. அதை எத்தனை விதமா மாட்டலாம்னு கணித ஆளுங்க கம்ப்யூட்டர்ல எண்ணிப் பாத்திருக்காங்க. 91,51,03,765 விதம். தொண்ணூத்தொரு கோடிக்கு மேல. வெறும் ஆறு செங்கலுக்கு!

மூடி திறக்கிற பெட்டி

1978ல கை கால் அசைகிற மினிஃபிகர் வந்துச்சு. கோட்டை, விண்வெளி, ஊர்னு தீம்கள் வந்துச்சு. 1989ல கடற்கொள்ளையர்கள் வந்தாங்க. அந்தக் காலத்துப் பெரிய செட் பெட்டிகள்ல ஒரு அழகான விஷயம் இருந்துச்சு. 'பிளாக் சீஸ் பாரகுடா' கப்பல் பெட்டியை எடுத்துக்கோங்க. முகப்பு அட்டையைப் புத்தகம் மாதிரித் தூக்கலாம். உள்ளே தட்டு, அதுக்கு மேல தெளிவான பிளாஸ்டிக். மினிஃபிகர்களும் முக்கியமான பீஸுகளும் கடையிலயே கண்ணுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெட்டிக்கு வேலை இருந்துச்சு. விளையாடி முடிச்சதும் எல்லாத்தையும் அதுலயே போட்டு மூடலாம். பெட்டிதான் பொம்மையோட வீடு.

இன்னொண்ணும் இருந்துச்சு. பெட்டியோட பின்பக்கத்துல, இதே பீஸுகளை வெச்சு வேற என்னெல்லாம் கட்டலாம்னு படம் போட்டிருப்பாங்க. முகப்புல கோட்டைன்னா, பின்னாடி ஒரு பாலமோ வேற மாதிரிக் கோபுரமோ இருக்கும். அதுக்கு வழிமுறைப் புத்தகம் கிடையாது, படம் மட்டும்தான். படத்தைப் பாத்துப் பாத்து நீயே கண்டுபிடி. அதனால அந்தப் பெட்டி வெறும் பேக்கேஜிங் இல்லை, வீட்டுப்பாடமும் கூட. ஒரு தடவை கட்டினதோட நிறுத்தாதேன்னு அந்த அட்டை சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

விளைவு என்ன? பெட்டிகள் நசுங்கிச்சு, மூடி கிழிஞ்சுச்சு, யாரோ பேனாவுல கிறுக்கினாங்க, வீடு மாறும்போது குப்பைக்குப் போச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

ஸ்டாண்ட் வந்துச்சு

1999ல லெகோவும் ஸ்டார் வார்ஸும் சேந்துச்சு. அடுத்த வருஷமே, 2000ல, 'அல்டிமேட் கலெக்டர் சீரீஸ்' என்ற பேர்ல ரெண்டு செட் வந்துச்சு. எக்ஸ்-விங் ஒண்ணு, டை இன்டர்செப்டர் ஒண்ணு. அந்த வரிசையோட ரெண்டு சின்ன விஷயம் வந்துச்சு. ஒண்ணு, மாடலை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட். இன்னொண்ணு, கப்பலோட பேரும் விவரமும் எழுதின ஒரு லேபிள், மியூசியத்துல சிலைக்குக் கீழ இருக்குமே, அந்த மாதிரி.

என்னைக் கேட்டா லெகோ வரலாற்றுல 1958க்கு அடுத்த பெரிய திருப்பம் இந்த ஸ்டாண்டுதான். ஸ்டாண்ட் இருக்குன்னாலே இது தரையில ஓட்டி விளையாட இல்லைன்னு அர்த்தம். பேரே கலெக்டர்னு சொல்லுது. கட்டி முடி, நிறுத்து, பாரு.

அடுத்த சில வருஷம் நிறுவனத்துக்குச் சோதனைக் காலம். 2003, 2004ல பெரிய நஷ்டம். 2004ல யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் தலைமைக்கு வந்தார். குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைமை அதிகாரி. செலவைக் குறைச்சார், பொழுதுபோக்குப் பூங்காக்களோட பெரும்பங்கை வித்தார், செங்கல்தான் நம்ம தொழில்னு திரும்ப வந்தார். அப்படித் திரும்பும்போது, ஏற்கெனவே காத்துக்கிட்டிருந்த ஒரு கூட்டம் கண்ணுல பட்டுச்சு: வளர்ந்த ரசிகர்கள். சின்ன வயசுல விளையாடி, டீன் ஏஜ்ல விட்டுட்டு, வேலை கிடைச்சதும் திரும்பி வந்தவங்க. விட்டிருந்த அந்த இடைப்பட்ட வருஷங்களை அவங்க 'டார்க் ஏஜஸ்'னு சொல்லுவாங்க, இருண்ட காலம்!

2007ல 'கஃபே கார்னர்' வந்துச்சு, மூணு மாடித் தெருமுனைக் கட்டடம். அதே வருஷம் மில்லேனியம் ஃபால்கன், 5,000 பீஸுக்கு மேல, விலை 499.99 டாலர். 2008ல சிகாகோ கட்டடக் கலைஞர் ஆடம் ரீட் டக்கரோட சேந்து ஆர்க்கிடெக்சர் வரிசை. 2017ல புது ஃபால்கன், 7,541 பீஸ், 799.99 டாலர். பெட்டியைத் தூக்க ரெண்டு பேர் வேணும்.

2020ல பெட்டியே மாறிடுச்சு. பெரியவங்களுக்கான செட் எல்லாம் கறுப்புப் பெட்டி, மேல 18+. இருட்டுப் பின்னணியில மாடல் மட்டும் தனியா மின்னிக்கிட்டு நிக்கும். 1950கள்ல நடுவுல இருந்த குழந்தை இப்போ அந்தப் படத்துல இல்லை. மூடி கிடையாது. மாற்று மாடல் படமும் கிடையாது. நிறைய பெட்டிகள்ல கட்டைவிரலால குத்தித் திறக்கிற துளை இருக்கும். அதைக் குத்தினா பெட்டி போச்சு. வடிவமைப்பு வெளிப்படையாச் சொல்லுது: திற, கிழி, தூக்கிப் போடு. நாம கேக்கல. ஹேர் டிரையரால பசையை இளக்கி, மூடி கிழியாமத் திறக்கிற ஆளுங்க இருக்காங்க. பெட்டி பொம்மையோட வீடா இருந்தப்போ கிழிச்சோம். இப்போ அது குப்பையா வடிவமைக்கப்பட்டிருக்கும்போது பொக்கிஷமா வெச்சிருக்கோம்.

தாஜ்மஹால் சொல்ற பாடம்

ஏன் பத்திரப்படுத்துறோம்? பல பேர் நேர்மையாச் சொல்ற பதில்: பின்னாடி விலை ஏறும்.

அதுக்கு ஆதாரமும் உண்டு. மாஸ்கோவுல இருக்கிற ஹையர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 1987லிருந்து 2015 வரைக்கும் வந்த 2,322 செட்டுகளோட, சீல் உடைக்காத பெட்டிகளோட, மறுவிற்பனை விலையைப் பாத்தாங்க. கடையில விக்கிறது நின்ன பிறகு வருஷத்துக்குச் சராசரியா 11 சதவீதமாவது ஏறியிருக்குன்னு சொன்னாங்க. இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவுச்சு, தங்கத்தை விட லெகோ மேல்னு தலைப்பு எல்லாம் வந்துச்சு. ஆனா அதே ஆய்வுல இன்னொரு வரியும் இருக்கு: சில செட் வருஷத்துக்கு 600 சதவீதம் ஏறிச்சு, சில செட் பாதி விலைக்கு இறங்கிச்சு. தலைப்புல வந்தது சராசரி மட்டும்தான்.

இப்போ தாஜ்மஹாலுக்கு வருவோம். 2008ல வந்த தாஜ்மஹால் செட், எண் 10189, மொத்தம் 5,922 பீஸ். அந்த நேரத்துல லெகோவோட மிகப் பெரிய செட் அதுதான். சில வருஷத்துல உற்பத்தி நின்னுச்சு. சீல் உடைக்காத பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போச்சு. வீட்டுல ஒரு பெட்டி வெச்சிருந்தவங்க அதை ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரிப் பாத்தாங்க.

2017 நவம்பர்ல லெகோ அதே தாஜ்மஹாலைத் திரும்ப விட்டுச்சு. எண் 10256, 5,923 பீஸ். கூட வந்த அந்த ஒரு பீஸ், செங்கலைக் கழட்டுற கருவி! பழைய பெட்டியோட விலை சரிஞ்சுச்சு. யோசிச்சுப் பாருங்க. செங்கல் கிட்டத்தட்ட அதேதான், கட்டி முடிச்சா பழசு எது புதுசு எதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். மிச்சம் இருந்த வித்தியாசம் பெட்டியும் எண்ணும்தான். இவ்வளவு நாள் நாம விலை கொடுத்தது எதுக்குன்னு அந்த ஒரு அறிவிப்பு காட்டிடுச்சு. தங்கத்தை யாரும் நாளைக்கு மறுபதிப்பு போட முடியாது. இவங்க நினைச்சா முடியும். அச்சு அவங்ககிட்டதானே இருக்கு.

இதைவிட ஒரு அடிப்படையான சிக்கல் இருக்கு. 1970கள், 80கள் காலத்துப் பெட்டிகளுக்கு ஏன் விலை? யாரும் பத்திரப்படுத்தலை என்கிறதுனால. குழந்தைங்க கிழிச்சாங்க, அம்மாக்கள் தூக்கிப் போட்டாங்க. தப்பிப் பிழைச்சது கொஞ்சம், அதனால அரிது. இன்னைக்கு வர்ற கறுப்புப் பெட்டியை ஆயிரக்கணக்கான பேர் முதல் நாள்லேருந்தே பிளாஸ்டிக் கவர் போட்டு வெச்சிருக்காங்க. எல்லாரும் சேர்த்து வைக்கிற பொருள் எப்படி அரிதாகும்? போன தலைமுறை அலட்சியமா இருந்ததால உருவான விலையை, நாம ஜாக்கிரதையா இருந்து சம்பாதிக்கப் பாக்குறோம். அந்தக் கணக்கு இடிக்குது.

பணம் வந்துட்டா அதோட நிழலும் வரும். 2024 ஜூன்ல கலிஃபோர்னியாவோட லாங் பீச்ல போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டப்போ, கடைகள்ல திருடினதா 2,800க்கும் மேல லெகோ பெட்டிகள் கிடைச்சுச்சு. உடைக்காத பெட்டிகள். செங்கலை வரிசை எண் வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது, சுலபமா விக்கலாம், விலை குறையாது. திருடங்களுக்கு அது பொம்மை இல்லை, கரன்சி.

நம்ம ஊர்க் கணக்கையும் போட்டுடலாம். சென்னையிலயோ பெங்களூர்லயோ ஒரு படுக்கையறை வாடகை வீட்டுல, ஒவ்வொரு சதுர அடிக்கும் மாசா மாசம் காசு கொடுக்குறோம். லாஃப்ட்ல இருக்கிற காலிப் பெட்டிகளும் அந்த வாடகையில பங்கு வெச்சிருக்கு. கடலோரக் காத்துல அட்டை ஈரம் இழுக்கும், நமுத்துப் போகும், ராமபாணப் பூச்சி வரும். பத்து வருஷம் கழிச்சு இறக்கிப் பாக்கும்போது நீங்க நினைச்ச நிலையில அது இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

கண்ணாடிக்குள்ள வெக்கிறது தப்பா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லணும். காட்சிக்கு வைக்கிறதை நான் குறை சொல்லல. பில்லுண்ட்ல 2017ல திறந்த லெகோ ஹவுஸ் கட்டடத்துக்கு உள்ளே ஒரு செங்கல் மரம் நிக்குது. 15 மீட்டருக்கும் மேல உயரம், 60 லட்சத்துக்கும் மேல செங்கல். அதே கட்டடத்தோட உச்சியில 'மாஸ்டர்பீஸ் கேலரி' இருக்கு. அங்கே வெச்சிருக்கிறது ரசிகர்கள் தாங்களே யோசிச்சுக் கட்டின மாடல்கள். பெட்டியில எந்தப் படமும் இல்லாம, எந்தப் புத்தகமும் இல்லாம கட்டினது. நிறுவனத்தோட சொந்த வீட்டுலயே மேல்மாடி கௌரவம் அதுக்குத்தான்.

நீங்க காட்சிக்கு வைக்கிறீங்கன்னா ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. இந்தச் செங்கல் 1963லேருந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதுல ரப்பர் தன்மைக்காகச் சேர்க்கிற பியூட்டடையீன் பகுதி, புற ஊதாக் கதிரும் காத்தும் பட்டா வேதிமாற்றம் அடையும். வெள்ளை மஞ்சளாகும், சாம்பல் பழுப்பாகும். ஜன்னலோரம் வேண்டாம். கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும், வெயிலை முழுசாத் தடுக்காது. உலகம் முழுக்க ரசிகர்கள் ஐக்கியாவோட மலிவான கண்ணாடி அலமாரியில வெச்சாங்க. அந்த ஐக்கியாவும் லெகோவும் 2020ல சேந்து ஒரு பெட்டி விட்டாங்க, பேரு 'பிக்லேக்'. மூடி மேல லெகோ குமிழ் இருக்கும். பொம்மையை உள்ளேயும் போடலாம், மேலயும் கட்டலாம். எண்பதுகளோட அந்த மூடி திறக்கிற பெட்டி வேற ரூபத்துல திரும்பி வந்த மாதிரி.

நிலவறையில என்ன இருக்கு?

கடைசியா ஒரு இடம். பில்லுண்ட்ல லெகோவோட 'ஐடியா ஹவுஸ்' கட்டடத்துக்கு அடியில ஒரு நிலவறை இருக்கு. நிறுவனம் வெளியிட்ட செட்டுகள், பெட்டியோட, வரிசை வரிசையா நகரும் அலமாரிகள்ல அடுக்கி வெச்சிருக்காங்க. அங்கே போய் வந்தவங்க எழுதினதுல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். பழைய, அரிய செட்டைத் தேடி யாரும் முதல்ல ஓடுறதில்லை. சின்ன வயசுல தன்கிட்ட இருந்த செட் எங்கேன்னுதான் தேடுறாங்க. பெட்டியைப் பாத்ததும் கண் கலங்கினவங்களும் உண்டு.

அந்தக் கண்ணீர் எதுக்கு? அந்தப் பெட்டி சீல் உடைக்காம இருக்கு என்கிறதுக்கு இல்லை. அவங்களோட பெட்டி என்னைக்கோ கிழிஞ்சு போச்சு, அதுக்குள்ள இருந்ததை அவங்க நூறு தடவை கட்டிக் கழட்டினாங்க. அட்டைக்கு அந்த சக்தி கொடுத்தது அந்த நூறு தடவைதான். திறக்காத பெட்டியைப் பாத்து அழுகை வரணும்னா, எங்கேயோ ஒரு பெட்டி திறந்திருக்கணும்.

எல்லாத்தையும் பாதுகாத்து வைக்கிற வேலையை அந்த நிலவறை பாத்துக்குது. அது நம்ம லாஃப்ட்டோட வேலை இல்லை. அதனால, பெட்டியைத் தூக்கிப் போடலாமான்னு கேட்டா என் பதில் இது. ஒரு செட் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதுன்னா அதோட பெட்டியை வெச்சுக்கோங்க. ஓரத்தைப் பிரிச்சுத் தட்டையா மடிச்சா கட்டிலுக்கு அடியில இருபது பெட்டி போகும். முகப்பை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டலாம். வழிமுறைப் புத்தகம் தொலைஞ்சாலும் பயமில்லை, நிறுவனத்தோட தளத்துல இலவசமாக் கிடைக்கும். மத்த அட்டை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போகட்டும்.

அலமாரியில ரெண்டு வருஷமா அசையாம நிக்கிற ஒரு மாடலை இந்த வார இறுதியில இறக்குங்க. கழட்டுங்க. அதே பீஸுல வேற ஏதாவது கட்டுங்க. ஆறு செங்கலுக்கே தொண்ணூத்தொரு கோடி வழி இருக்கு. பெட்டியில இருந்த படம் அதுல ஒண்ணுதான்.